கண் பழகும் முன்னே ஆளை மாற்றாதீர்கள்

எங்கள் மாவட்டத்தின் அரசு ஆய்வகங்களுக்கு ஆள் நியமிக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும் சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம், கேரளாவின் சித்தூர் தாலுக்காவில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு பொதுச் சுகாதார ஆய்வகத்தில் டெக்னீசியன்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். வாசல் போர்டு மலையாளத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பேசுவது தமிழ். என்னைச் சேர்க்காமல் ஐந்து பேர். மூவர் நிரந்தரம். மீதி இருவர் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக 179 நாளுக்கு வருகிறவர்கள். இந்த மடல் அந்த இரண்டு இடங்களைப் பற்றியது.

போன வருஷம் ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன் காய்ச்சலோடு வந்தான். ரத்தம் எடுத்து ஸ்லைடு போட்டோம். ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் தடிமனாக ஒரு சொட்டு, இன்னொரு பக்கம் மெல்லிதாக இழுத்தது. மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று தடிமன் பக்கத்தில் தேடுவோம், எந்த வகை என்று மெல்லிய பக்கத்தில் பார்ப்போம். ‘இல்லை’ என்று எழுத வேண்டுமானால் எண்ணெய் லென்ஸில் 100 ஃபீல்டாவது, அதாவது லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம் நூறாவது, பார்த்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரமான பெண் அதைப் பார்த்து நெகட்டிவ் என்று எழுதினாள். இரண்டாவது பார்வைக்கு நான் எடுத்தேன். அறுபதைத் தாண்டிய பிறகு சந்தேகமாக ஒன்று தெரிந்தது. மெல்லிய பக்கத்துக்கு நகர்த்தித் தேடினேன். பக்கத்துச் செல்களைவிடப் பெரிதாக ஊதிய ஒரு சிவப்பணு, உள்ளே மோதிரம் போல ஒரு வளையம், சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் பொடிப் புள்ளிகள். வைவாக்ஸ் என்ற வகை மலேரியா.

அந்தப் பெண் ஏமாற்றவில்லை. நூறு ஃபீல்டும் பார்த்திருக்கிறாள். இந்த வளையத்தையும் பார்த்திருக்கிறாள், சாயத்தின் கசடு என்று நினைத்து நகர்ந்துவிட்டாள். படித்த காலத்தில் புத்தகப் படத்தில் பார்த்தது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் மலேரியா குறைந்துவிட்டது, அது நல்லதுதான். 2030-க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்பது அரசின் இலக்கு. ஆனால் நோய் குறையக் குறைய, அதைக் கண்டுபிடிக்கிற கண்ணும் பழக்கம் விட்டுப்போகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டைப் பிடிப்பதற்குத்தான் பழகிய கண் வேண்டும். வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்து கிடந்து மறுபடி எழும். அதனால்தான் மூன்று நாள் குளோரோகுயினோடு நிற்காமல் 14 நாள் ப்ரைமாகுயின் கொடுக்கிறார்கள். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை என்றால் மருந்தே வேறு. வகையை மாற்றி எழுதினால் டாக்டர் கொடுக்கும் மருந்தும் மாறிப்போகும்.

கண் எப்படிப் பழகுகிறது என்று நீங்கள் ஒரு நாள் காலையில் வந்து பார்க்க வேண்டும். பழைய பாசிட்டிவ் ஸ்லைடுகளை ஒரு மரப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஓபி கூட்டம் சேரும் முன், ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். பெயர் இருக்காது, விவரம் இருக்காது. பார்த்துவிட்டு அவரவர் பதிலைத் தனித்தாளில் எழுத வேண்டும். அப்புறம் சேர்ந்து பேசுவோம். பதினைந்து நிமிஷம்தான் ஆகும். முதல் மாதம் தட்டணுக்கள் ஒட்டிக் கிடப்பதையெல்லாம் கிருமி என்று எழுதுவார்கள். இரண்டாவது மாதம் பயந்துபோய் எல்லாவற்றையும் இல்லை என்பார்கள். நான்காவது மாதத்தில்தான் கை நிதானமாகும், யாரும் சொல்லாமலே லென்ஸ் சரியான இடத்தில் நிற்கும். ஆறாவது மாதம் அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த ஆள் வர மூன்று வாரமோ ஒரு மாதமோ ஆகும். ஐந்து வருஷத்தில் அந்த இரண்டு நாற்காலிகளில் 17 பேர் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து 17 தடவை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். வந்திருக்கிறது, அதனால் பெரிய உதவி. காசநோய்க் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு அடங்குமா என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்குள் நாம் எதை வைக்கிறோமோ அதைத்தான் அது பார்க்கும். வேலந்தாவளம் பக்கத்துப் பாட்டி ஒருவர், இரண்டு மாத இருமல். கண்ணூரிலிருந்து வந்திருந்த தம்பி, நல்ல பிள்ளை, டப்பாவைக் கொடுத்து, சளியை மலையாளத்தில் ‘கஃபம்’ வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். டப்பாவில் வந்தது வெறும் எச்சில், தண்ணீராக நுரைத்துக் கிடந்தது. நான் கேட்டபோது பாட்டி சொன்னார், “துப்பச் சொன்னாங்க, துப்பிட்டேன் கண்ணு.” அவரை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். “ஆத்தா, மூச்சை நல்லா உள்ளே இழுத்துப் புடிங்க, நெஞ்சுல இருக்கற சளியைக் காறி எடுங்க” என்று நானே இருமிக் காட்டினேன். மறுநாள் விடிகாலைச் சளியையும் கொண்டுவந்தார், கெட்டியாக. அதில் கிருமி இருந்தது. எச்சிலை மெஷினில் போட்டிருந்தால் நெகட்டிவ் என்ற தாளோடு அந்தப் பாட்டி வீட்டுக்குப் போய், பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்திருப்பார்.

அந்தத் தம்பி அன்று பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கவனித்தான். அடுத்த மாதமே ‘ஆத்தா, காறி எடுங்க’ என்று கொங்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று தமிழிலேயே கேட்டு ஃபாரத்தில் குறித்தான். டெங்குவுக்கு அது ரொம்ப முக்கியம். முதல் சில நாள் என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நாள் தாண்டினால் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐ.ஜி.எம். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம் பார்த்து இல்லை என்று சொன்னால் அந்தப் பதிலுக்கு அர்த்தமே கிடையாது. இவ்வளவும் கைவந்த நேரத்தில் அவனுக்கு நாள் முடிந்தது. இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு தனியார் லேபில் இருக்கிறான்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. என் மனதை ரொம்ப அழுத்துவது இதுதான். ஒரு நாள் இரண்டு லட்சுமிகள் வந்தார்கள். ஒருவர் எம். லட்சுமி, அப்பா பெயரின் எழுத்து முன்னால். இன்னொருவர் லட்சுமி எம்., வீட்டுப் பெயரின் எழுத்து பின்னால். எல்லையில் இது தினமும் நடக்கிற குழப்பம். தற்காலிகத்தில் இருந்த ஒரு பெண் இரண்டு ட்யூபுக்கும் லேபிள் மாற்றி ஒட்டிவிட்டாள். மதியமே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. நான்கு மணி வரை சொல்லவில்லை. அப்புறம் என் மேஜைக்கு வந்து, “சேச்சி, எனிக்கு ஒரு தெற்று பற்றி” என்று, தப்பு செய்துவிட்டதை மலையாளத்தில் சொல்லி அழுதாள். ரிசல்ட் இன்னும் வெளியே போகவில்லை. இருவருக்கும் போன் போட்டு, மறுநாள் மறுபடி ரத்தம் எடுத்தோம். யாருக்கும் கெடுதல் இல்லை. ஏன் மதியமே சொல்லவில்லை என்று கேட்டேன். “அடுத்த தடவை எங்கேயும் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்று பயந்தேன்” என்றாள்.

தப்பே நடக்காத ஆய்வகம் எங்கும் கிடையாது. நடந்ததை அந்த நிமிஷமே சொல்லுகிற ஆய்வகம்தான் நம்பத் தகுந்தது. அதற்காகவே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் தப்பை எழுதுவோம், செய்தவர் பெயரை எழுத மாட்டோம். ராத்திரி கரண்ட் போய் ஃபிரிட்ஜ் 8 டிகிரியைத் தாண்டினால் எழுதுவோம். மெஷினைச் சோதிக்க தினமும் போடும், அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சாம்பிளின் ரிசல்ட் ஆறு நாளாக ஒரே பக்கம் சாய்ந்து போனால் எழுதுவோம். நிரந்தரத்தில் இருக்கும் மூவரும் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். தற்காலிகத்தில் வருகிறவர்களுக்கு அந்த நோட்டைத் தொடவே நான்கு மாதம் பிடிக்கிறது. நாள் எண்ணிக்கொண்டு வேலை செய்கிற ஒருவரிடம் ‘பயப்படாதே, சொல்’ என்று சொல்ல எனக்கே சில நேரம் வாய் வருவதில்லை.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அந்த இரண்டு இடங்களிலும் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. ஐந்து வருஷமாக ஒரு மாதம்கூட வேலை இல்லாமல் இருந்ததில்லை. அவற்றை நிரந்தர இடங்களாக்கி, ஆள் தேர்ந்தெடுக்கும் அரசுப் பணித் தேர்வாணையமான பி.எஸ்.சி-க்கு அனுப்புங்கள். அதற்கு நாளாகும் என்று எனக்கும் தெரியும். அதுவரை ஒருவர் போகும் முன்பே அடுத்தவர் வந்து பதினைந்து நாளாவது சேர்ந்து உட்கார வழி செய்யுங்கள். பொறுப்பை ஒப்படைக்க ஒரு மனிதர் எதிரே இருக்க வேண்டும், காலி நாற்காலியிடம் ஒப்படைக்க முடியாது. இன்னொன்று, நாள் முடிவது மழைக்காலத்தில் வராதபடி பாருங்கள். ஜூன் தொடங்கினால் டெங்கு, எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சோதனைக்கு வரும் கிணற்றுத் தண்ணீர்ச் சாம்பிள் என்று எல்லாம் ஒன்றாக வந்து குவியும். அந்த நேரத்தில் புது ஆளுக்குப் பிப்பெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இப்போது இருக்கும் இருவரும் பொங்கல் முடிந்து ஜனவரி 17-இல் சேர்ந்தவர்கள். ஜூலை 14-உடன் 179 நாள் முடிகிறது. போன வாரம் அவர்களில் ஒருத்தி, செங்கல் சூளையிலிருந்து வந்த ஒருவரின் ஸ்லைடைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே “அக்கா, இங்கே கொஞ்சம் வாங்க” என்றாள். நான் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரே செல்லுக்குள் மெல்லிசாக இரண்டு வளையம், செல் ஊதவில்லை. “ஃபால்சிபாரம்தானே அக்கா?” என்று கேட்டாள். ஆமாம், அதுதான்.

இவர்கள் இருவரையும் மழை முடியும் வரையாவது வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அனுப்பிய கோப்பு உங்களிடம் இருக்கிறது. ஜூன் முடிவதற்குள் அதற்கு ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுக்காவிலிருந்து ஓர் ஆய்வகப் பொறுப்பாளர்