ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை

அன்புள்ள கல்யாணிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் தாமதம் இல்லை, நம்பு. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சாமான்களை மூட்டை கட்டியதில் என் கண்ணாடி, பேனா, உன் கடிதம் மூன்றும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போய், நேற்றுதான் வெளியே வந்தன. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்பதை நீ எழுதியிருக்கவே வேண்டாம், வரிகள் கோணாமல் நிற்பதிலேயே தெரிகிறது. சொட்டு மருந்தை மட்டும் பாதியில் விடாதே. என் அக்கா விட்டுவிட்டுப் பட்ட பாடு உனக்குத் தெரியும்.

நீ எழுதியதில் நான் இரண்டு தடவை படித்தது அந்தப் படிவக் கதையை. புனே மாநகராட்சியில் 2006-லிருந்தே, தங்கள் வார்டுக்கு என்ன வேலை வேண்டும் என்று ஜனங்களே படிவத்தில் எழுதிக் கொடுத்து பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்வது நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் சிநேகிதியே வார்டு ஆபீஸ் படியேறி, ‘பஸ் ஸ்டாப்பில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள் என்றால் அது வேறு சந்தோஷம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஒரு வேலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அதிகாரிகள் பார்த்துக் கணக்குப் போட்டு, பிரபாக் கமிட்டி, அதாவது உங்கள் பக்கத்துக் கவுன்சிலர்கள் குழு, ஒத்துக்கொண்டால் அடுத்த வருஷ பட்ஜெட்டில் ஏறும். அந்த 5 லட்சம்தான் உனக்கு எரிச்சல். ‘பெஞ்சும் பெயர்ப்பலகையும் கேட்கத்தான் நமக்கு உரிமையா? ஊருக்குள் ஓடும் முத்தா ஆற்றைப் பற்றி யாரும் கேட்கக் கூடாதா?’ என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு அந்த எண்ணைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன், காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்.

இங்கே நமக்கும் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. கிராமத்தில் கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்தில் பகுதி சபை. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. இதற்கான சட்டத் திருத்தம் 2010-லேயே வந்துவிட்டது, விதிகள் வந்தது 2022-ல். நடுவில் 2016-லிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆட்சிதான், உனக்கு ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலம் முழுக்க முதல் கூட்டங்கள். தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் பக்கம் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார். அன்றைக்கு எந்த மேடையிலும் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லாமல் யாரும் மைக்கை விட்டிருக்க மாட்டார்கள்.

போன கூட்டத்துக்கு நானும் போனேன். மாநகராட்சிப் பள்ளி, நாலாம் வகுப்பு அறை. பத்து மணி என்று நோட்டீஸ், பதினொன்றேகாலுக்குத் தொடக்கம். அறுபது நாற்காலி, நாற்பது பேர், இரண்டு தட்டு போண்டா. கவுன்சிலர் முப்பத்தைந்து வயசுப் பெண். வீட்டுக்காரரை அழைத்து வராமல் தனியாக வந்திருந்தாள், அதுவே எனக்குப் பிடித்தது. பக்கத்தில் உதவிப் பொறியாளர் ஒரு லாங் சைஸ் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் நாய். நாய்க்கு மட்டும் நாற்பது நிமிஷம். அப்புறம் எங்கள் தெரு ஓய்வுபெற்ற தாசில்தார் ஃபைலோடு எழுந்தார். அவர் வீட்டு வாசல் வடிகால் விஷயமாக இதுவரை கொடுத்த மனுக்களை எல்லாம் தேதிவாரியாக வாசித்தார். பேவர் பிளாக், பார்க் சுவர், பொதுக் கழிப்பிடக் கதவு, குப்பை வண்டி வரும் நேரம், மேன்ஹோல் மூடி. பொறியாளர் எழுதிக்கொண்டே இருந்தார், ஒன்றையும் மறுக்கவில்லை. ஒன்றரை மணிக்கு எழுபத்து மூன்று கோரிக்கைகள் சேர்ந்திருந்தன. ‘எல்லாம் பரிசீலிக்கப்படும்’ என்று முடிக்கப் போகும்போது நான் கையைத் தூக்கினேன். ‘இதற்கெல்லாம் எவ்வளவு பணம் இருக்கிறது?’

அறையே அமைதி. பொறியாளர் கவுன்சிலரைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே, ‘டீச்சர், இவ்வளவுதான் பணம்னு சொன்னா ஜனங்க சண்டை போட்டுக்குவாங்க’ என்றாள். அந்தச் சண்டைக்குத்தானே கூட்டம் என்று கேட்டிருக்க வேண்டும். வழக்கம்போல வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றியது.

சும்மா சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தங்கள் பகுதிக்கு என்ன வேலைகள் வேண்டும் என்று முன்மொழிவதும், அவற்றில் எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பதும் பகுதி சபையின் வேலை. வார்டு குழு அதை வாங்கி வார்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நாங்கள் முதல் பாதியை மட்டும் செய்கிறோம். குறை கேட்கும் நாள் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கிறதே, அதையே நாற்காலி போட்டுச் செய்கிறோம்.

உனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வருகிறதா? முதல் வருஷம் வார்டன் ஒரு நோட்டை வைத்து, என்ன சாப்பாடு வேண்டும் என்று எழுதச் சொன்னாரே. முட்டை தோசை, பால் பாயசம், ஞாயிறு பிரியாணி, எவளோ ஒருத்தி குலாப் ஜாமூன் என்றுகூட எழுதினாள். மாசக் கடைசியில் வந்தது அதே கத்தரிக்காய் சாம்பார். ரெண்டாம் வருஷம் நீ மெஸ் செக்ரட்டரி. கரும்பலகையில் மளிகை இவ்வளவு, விறகு இவ்வளவு, சமையல்காரர் சம்பளம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று எழுதிப்போட்டாய். டிவைடிங் சிஸ்டத்தில் தலைக்கு எவ்வளவு ஏறும் என்று பார்த்ததும் பிரியாணி கட்சி தானாகவே கரைந்தது. வாரம் இரண்டு நாள் முட்டை போதும், ஆனால் மோர் தண்ணியாக இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அன்றைக்கு நடந்த சண்டை! சுசீலா உன்னிடம் ஒரு மாசம் பேசவில்லை. ஆனால் மோர் கெட்டியாக வந்தது.

அதனால்தான் உன் 5 லட்சத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். உங்களுக்குத் தொகை இருக்கிறது, கூட்டம் இல்லை. தனியாகப் போய் எழுதிக் கொடுக்கிறீர்கள். மற்றவர்கள் என்ன கேட்டார்கள், யாருடையது ஏன் தள்ளப்பட்டது என்பதை ஒரே இடத்தில் உட்கார்ந்து பேச வழி இல்லை. எங்களுக்குக் கூட்டம் இருக்கிறது, தொகை இல்லை.

இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரி நகரத்துக்காரர்கள். நூலகத்தில் எடுத்து வந்து படித்தேன். தொழிலாளர் கட்சி 1988 தேர்தலில் ஜெயித்து, 1989-ல் ஒலிவியோ துத்ரா மேயராக உட்கார்ந்தபோது கஜானாவில் ஊழியர் சம்பளம் போக ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. வரிகளைச் சீர்செய்து கொஞ்சம் பணம் பார்த்த பிறகுதான் கூட்டங்களுக்கு உயிர் வந்தது. நகரத்தை 16 வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரமும் சாக்கடையா, சாலையா, வீடா, பள்ளியா என்று வரிசைப்படுத்த வேண்டும். அந்த வரிசையோடு இன்னும் இரண்டைச் சேர்த்து மதிப்பெண் போட்டார்கள்: அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த வசதி அங்கே எவ்வளவு குறைவு. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி விஷயம்தான். சத்தமாகப் பேசுகிறவனுக்கு மதிப்பெண் இல்லை, குழாய் இல்லாதவனுக்கு உண்டு. வருஷக் கடைசியில் எந்தத் தெருவில் என்ன வேலை என்று எல்லாவற்றையும் ஒரு சிறு புத்தகமாக அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வருஷக் கூட்டத்துக்கு ஜனங்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ‘முப்பதாம் பக்கத்தில் இருக்கிற வேலை எங்கே?’ என்று கேட்கலாம். குடிநீர், கழிவுநீர் இணைப்பு உள்ள வீடுகள் 1988-ல் 75 சதவீதம், 1997-ல் 98 சதவீதம் என்கிறது உலக வங்கிக் கணக்கு. பிறகு கட்சிகள் மாறி, ஈடுபாடு தேய்ந்து, 2017-ல் நிறுத்தியும் வைத்தார்கள். நல்லது எதுவும் தானாக நிற்காது போலிருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், கேரளத்தில் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தார்கள். அதன் பிறகுதான் ஜனங்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னார்கள்.

எங்கள் கவுன்சிலரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒருநாள் ரேஷன் கடை வாசலில் பார்த்தபோது மனம்விட்டுப் பேசினாள். பட்ஜெட் மேலே தயாராகிறது. மார்ச்சில் மன்றத்தில் வைக்கும்போதுதான் அவளுக்கே தொகை தெரியும். வருகிற பணத்திலும் பாதிக்கு மேல் நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டு வருகிறது. மத்திய நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்கும் எங்கள் மாதிரி ஜனத்தொகை பத்து லட்சத்துக்குக் குறைந்த ஊர்களுக்குக் கொடுக்கும் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. அதில் போய் பார்க் சுவர் கட்ட முடியாது. ‘இதை ஜனங்ககிட்ட எப்படி டீச்சர் சொல்றது?’ என்றாள். இப்படியே சொல்ல வேண்டியதுதான் என்றேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். எங்கள் வீட்டில் வேலைக்கு வரும் செல்வி, ‘அந்தக் கூட்டத்துக்கு நாங்களும் வரலாமா டீச்சரம்மா?’ என்றாள். வரலாம், ஓட்டு இருக்கிறதே. ஆனால் வேலை நாளில் காலை பத்து மணிக்கு அவள் நான்கு வீட்டுப் பாத்திரத்தை யாரிடம் விட்டு வருவாள்? கூட்ட நாளை அரசுதான் குறிக்கிறது, மாற்ற முடியாது. சரி, நாமே முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசிவிட்டு, முடிவை மட்டும் கூட்டத்துக்குக் கொண்டுபோவோம் என்று தீர்மானித்தோம். எப்படி ஓட்டெடுப்பது என்று நான் காகிதம் கத்தரிக்கக் கிளம்பினேன். செல்வி, ‘புளியங்கொட்டை இருக்கா?’ என்று கேட்டாள். அவள் ஊரில் மகளிர் குழுவில் இருந்தபோது பயிற்சிக்கு வந்தவர்கள் இப்படித்தான் செய்யச் சொன்னார்களாம்.

மாரியம்மன் கோயில் திண்ணையில் ஆறு எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டியது: நாய், வடிகால், விளக்கு, கழிப்பிடம், பேவர் பிளாக், பார்க். கையில் பத்து லட்சம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஆளுக்கு ஐந்து கொட்டை கொடுத்தோம். ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் பின்பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள். தாசில்தார் ஐந்தையும் வடிகாலில் போட்டுவிட்டு அங்கேயே நின்று மற்றவர்களுக்குப் பிரசாரம் செய்தார். நான் ஐந்தையும் பார்க்கில் போட்டேன். வாக்கிங் போகிற சுயநலம், வேறென்ன.

விளக்கு 94, வடிகால் 71, கழிப்பிடம் 48, பேவர் பிளாக் 22. பார்க் 12, நாயும் 12. ஒரு கொட்டை ஒரு குழந்தை வாயில் போய்விட்டது. பள்ளிக்கூட அறையில் நாற்பது நிமிஷம் குரைத்த நாய்க்குப் பன்னிரண்டு கொட்டைதான் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் விளக்கு என்ற வார்த்தையையே யாரும் எடுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வருகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

மறுநாள் இரவு செல்வியோடு அந்தப் பாதையில் நடந்து பார்த்தேன். நான்கு கம்பம். இரண்டில் பல்பு போயிருக்கிறது. ஒன்றில் பல்பு மாட்டவே இல்லை. நான்காவது நன்றாக எரிகிறது, ஆனால் வேப்பங்கிளை அதை அப்படியே மூடிக்கொண்டு, வெளிச்சம் எல்லாம் இலைக்குத்தான் போகிறது. பொறியாளரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் ஆள் வந்து கிளையைக் கழித்துவிட்டுப் போனார். முதல் முன்னுரிமையில் கால் பங்குக்கு ஓர் அரிவாள் போதுமாக இருந்தது.

மற்ற மூன்று கம்பத்துக்கும் எஸ்டிமேட் போட வேண்டுமாம். டம்ளர் கணக்கை ஒரு தாளில் எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, கவுன்சிலரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். ‘நாய் இவ்வளவு கம்மியா?’ என்றாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வார்டு குழுவில் வைப்பாளா, பைக்குள்ளேயே இருக்குமா என்பது மார்ச்சில் தெரிந்துவிடும். தாசில்தார் தனியாக இன்னொரு மனு கொடுத்திருக்கிறார் என்று கேள்வி.

நீ எனக்கு ஒரு காரியம் செய். உங்கள் வார்டு ஆபீஸில் காலிப் படிவம் ஒன்று வாங்கி, மராத்தியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே தமிழில் எழுதி அனுப்பு. கவுன்சிலரிடம் காட்ட வேண்டும், அந்த 5 லட்சம் என்ற வரியை முக்கியமாக. மாப்பிள்ளைக்கு மாற்றல் கிடைத்ததா, பேத்தி இன்னும் உன் கண்ணாடியைத்தான் ஒளித்து வைக்கிறாளா என்பதையும் எழுது. இவருக்கு முட்டி வலி பரவாயில்லை, சர்க்கரைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

பெஞ்சு வந்துவிட்டால் முதலில் போய் உட்கார்ந்து பார். முதுகு சாய இடம் வைத்திருக்கிறார்களா என்று எழுது.

அன்புடன்,
மங்கை