பிரவுசரில் எழுதிய கோட் வெளியே வந்தால் ஏன் விழிக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினியில் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே வலைப்பக்கம் எழுதப் பழகலாம் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், அதில் சண்டை இல்லை. நானும் சில வருடங்களாகக் கோடிங் சொல்லிக்கொடுக்கிறேன், முதல் வகுப்பு எப்போதும் கோட்பென் என்ற தளத்தில்தான், பிரவுசரிலேயே கோட் எழுதி விளைவை அங்கேயே பார்க்கலாம். மேலே ஒரு வரியை மாற்றினால் கீழே பொத்தானின் நிறம் உடனே மாறுகிறது, அப்புறம் இன்னொரு நிறம், இன்னொரு நிறம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வகுப்பு முடிந்ததுகூடத் தெரியாது.

ஆனால் கட்டுரை ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கோட்பென், ஜேஎஸ்ஃபிடில் போன்ற தளங்களில் மூன்று பெட்டிகள் இருக்கும்: பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு எச்டிஎம்எல், நிறத்துக்கும் வடிவத்துக்கும் சிஎஸ்எஸ், அசைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட். எச்டிஎம்எல் பெட்டிக்குள் நாம் எழுதுவது பாடி டேக்குக்கு உள்ளே போகிற பகுதி, அதாவது பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும்தான். மேலே வர வேண்டிய டாக்டைப் (இது எச்டிஎம்எல் பக்கம் என்று சொல்கிற முதல் வரி), ஹெட் (பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கிற பகுதி), சிஎஸ்எஸ்ஸையும் ஜாவாஸ்கிரிப்டையும் பக்கத்தோடு இணைக்கிற வேலை எல்லாவற்றையும் அந்தத் தளமே சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. என்னிடம் படித்த ஒருவர் இரண்டு மாதம் உழைத்து அழகான வினாடி வினா பக்கம் ஒன்று செய்தார். மூன்று பெட்டிகளில் இருந்ததையும் மூன்று கோப்புகளாகத் தன் கணினியில் சேமித்துத் திறந்தால் நிறமும் இல்லை, வடிவமும் இல்லை, பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை. தன் கோடில்தான் தப்பு என்று நினைத்துப் பாதி ராத்திரி வரை சரியாக இருந்ததையெல்லாம் மாற்றி மாற்றிக் கெடுத்து வைத்திருந்தார், பாவம். சிஎஸ்எஸ் கோப்பை இணைக்கிற லிங்க் டேக், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை இணைக்கிற ஸ்கிரிப்ட் டேக் இரண்டையும் சேர்த்ததும் ஓடியது. இணையத்தில் ஏற்றினால் அடுத்த கூத்து: தமிழ் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரிந்தது, ஏனென்றால் எழுத்துகளை யுடிஎஃப்-8 முறையில் படி என்று பிரவுசருக்குச் சொல்கிற மெட்டா வரி இல்லை. அது இதுவரை இல்லாமலே ஓடியதால், அப்படி ஒரு வரி உண்டு என்றே அவருக்குத் தெரியாது. தப்பு அவர்மீது இல்லை, நான் காட்டவில்லை.

இன்னொரு சிக்கல், எல்லாவற்றையும் அந்தத் தளங்களிலேயே வைத்திருப்பது. ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொஸில்லா 2012-இல் திம்பிள் என்று இதேபோல் ஒன்றைக் கொண்டுவந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அருமையான கருவி, 2019 கடைசியில் மூடிவிட்டார்கள். உங்கள் வேலையைக் கிளிட்ச் என்ற இன்னொரு தளத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தக் கிளிட்சும் 2025 ஜூலையில் புராஜெக்டுகளை ஓட்டுவதை நிறுத்திவிட்டது. ஆக, சொன்னபடி மாறியவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அதனால் இப்போதெல்லாம் என் மூன்றாவது நாள் வகுப்பிலேயே ஒரு ஃபோல்டர் போடச் சொல்லி, சாதாரண எடிட்டரில் மூன்று கோப்புகளையும் முதல் வரியிலிருந்து கையாலேயே எழுத வைக்கிறேன். ஒரு மணி நேரம் முணுமுணுப்பார்கள். முடிந்ததும் திரும்பத் தளத்துக்கே போகலாம், நான் தடுப்பதில்லை, ஏனென்றால் அடுத்தவர் எழுதியதை ஃபோர்க் செய்து (நமக்கென்று ஒரு நகல் எடுத்து), ஒவ்வொரு வரியாக அழித்து எது எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே பொதுவில் போடுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஏபிஐ கீயை, அதாவது வேறொரு சேவையைப் பயன்படுத்த நமக்குத் தந்த ரகசியக் குறியீட்டை, அப்படியே ஒட்டிவிட்டு எல்லாருக்கும் இணைப்பு அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கோட்பென்னில் பொதுவில் வைக்கிற கோட் எம்ஐடி உரிமத்தில் வேறு வருகிறது, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

கோட்பென்னில் எக்ஸ்போர்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அழுத்தினால் மொத்தமும் ஜிப் கோப்பாக வந்துவிடும். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் அது எங்கே இருக்கிறது என்று ஒரு படம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கோடிங் சொல்லிக்கொடுக்கும் ஒரு வாசகர்