நாடக அறையைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மேல்மாடி நாடக அறை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பறையான கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டக் குறிப்பிலும் இருக்கிறது. அந்தக் குறிப்பில் எழுதப்படாத ஒன்றைச் சொல்லவே இந்த மடல். அந்த அறையையும் புதன்கிழமையில் இருந்த இரண்டு நாடகப் பாடவேளைகளையும் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள்.

சென்ற வாரம் மகனை அழைத்துப்போக வந்தபோது, கழிவறைக்குப் போகும் நடையோரத்தில் நாடக அறையிலிருந்த முகமூடிகள் குவிந்து கிடந்தன. 2022 மார்ச்சில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த நாட்களில் வீடுகளிலிருந்து பழைய பத்திரிகைகளைச் சேர்த்து, கிழித்து, கோதுமை மாப் பசையில் தோய்த்து, ஒரு ஆசிரியை அன்றைய பிள்ளைகளைக் கொண்டு செய்வித்த முகமூடிகள் அவை. சாரல் அடித்துப் பசை இளகிவிட்டது. யானையின் தும்பிக்கை கழன்று தொங்கியது. கரடியின் கன்னம் உரிந்து, அடியிலிருந்த பத்திரிகை எழுத்துகள் தெரிந்தன. தயவுசெய்து மிச்சம் உள்ளவற்றையாவது நனையாத இடத்தில் எடுத்துவையுங்கள்.

அந்த யானையை அணிந்து நடித்தவன் என் மகன். அவனுடைய தகப்பன் வேலைக்காகக் கட்டார் போனபின் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டான். நகத்தை இரத்தம் வரும்வரை கடிப்பான். நடுச்சாமத்தில் எழும்பி உட்கார்ந்திருப்பான். தொலைபேசியில் தகப்பனின் முகம் தெரிந்தால் எழுந்து போய்விடுவான். நான் எவ்வளவு கேட்டும் வராத வார்த்தை அந்த முகமூடிக்குள் இருந்து வந்தது. பிள்ளைகள் தாங்களே கட்டிய நாடகம் அது: யானைக்குட்டி தகப்பனைத் தேடிக் காடெல்லாம் அலைகிறது, மற்றவர்கள் மரங்களாக நின்று ஒவ்வொருவராக வழிவிடுகிறார்கள். அன்றிரவு அவன் எழும்பவில்லை. மறுநாள் தகப்பனுக்குத் தொலைபேசியில் முழுக் கதையையும் நடித்துக் காட்டினான். அந்த அறை வகுப்பறையானபின் மறுபடியும் நகம் கடிக்கத் தொடங்கியிருக்கிறான்.

இது ஒரு தாயின் மிகை என்று நினைத்துவிடாதீர்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா, தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக இருத்திக் களிமண்ணும் வண்ணமும் கதையும் நாடகமும் கொண்டுதான் அவர்களின் மனதை ஆற்ற முயன்றது. எங்கள் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே முதல் இரண்டு தரங்களில் வழிகாட்டப்பட்ட விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. விளையாடவும் கலைகளில் ஈடுபடவும் பிள்ளைக்குள்ள உரிமையை ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. மேல்மாடி அறையை எடுத்துக்கொண்டவர்கள் இவற்றில் எதை யோசித்தார்கள்?

புலமைப்பரிசில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியில்லாத பிள்ளைக்கு அது கதவைத் திறக்கிறது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் குடும்ப மானம் முழுவதையும் ஏற்றி, வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தால் உறவினர் முன்னால் கூனிக்குறுக வைக்கிறோம். இதற்கு யார் பொறுப்பு? எங்கள் ஒழுங்கையில் முச்சக்கரவண்டிகள் நிறுத்தியது போக ஒரு பந்து உருள இடமில்லை. மாடிவீட்டுப் பிள்ளைகள் ஓடினால் கீழ்வீட்டார் சத்தம் போடுகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிரத்தியேக வகுப்பு. காலிமுகத்திடலில் பட்டம் விடுவதற்கும் பரீட்சை முடியட்டும் என்கிறோம். கடைசியாக எஞ்சியிருந்தது பாடசாலைக்குள் ஒரு அறை. அதையும் எடுத்துக்கொண்டால் இந்தப் பிள்ளைகள் மூச்சுவிடுவது எங்கே?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதல்ல. நாடக அறை பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்; புதன்கிழமைப் பாடவேளைகள் இரண்டும் மீண்டும் நேரசூசியில் வர வேண்டும். புலமைப்பரிசில் வினாத்தாள் செய்யப் பிரதான மண்டபத்தைப் பயன்படுத்தலாம். புதன் காலையில் அது வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்த வேண்டுகோளை அடுத்த பெற்றோர் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மேசை, கதிரைகளைக் கீழே இறக்குவதற்கு ஆள் வேண்டுமென்றால் தாய்மார் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். நாளைச் சொன்னால் வருவோம்.

இப்படிக்கு,
தரம் 5 மாணவன் ஒருவனின் தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13