எரிமலை பார்க்கப் போகும் பெறாமகளுக்கு

அன்புள்ள பெறாமகளே,

ஜாவாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டாய், புறோமோவும் ஈஜெனும் ஏறப் போகிறாய் என்று அக்கா சொன்னா. "நெருப்புக் கக்குற மலையிலை இவளுக்கு என்ன வேலை?" என்று என்னிடம்தான் சண்டை. அவவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நீ போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. எப்படிப் போவது என்பதை மட்டும் எழுதுகிறேன். உன்னைப்போல வெளிக்கிடுகிற மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கப் போகும்போதெல்லாம், இந்தக் கிணறுகளுக்குக் கீழே எரிமலை இருக்குதா சின்னம்மா என்று கேட்பாய். இல்லை. நம் இலங்கைத் தீவு மிகப் பழைய பாறையில் நிற்கிறது. மழைத்தண்ணீர் வெடிப்புகளுக்குள்ளால் ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். ஜாவாவின் சங்கதி வேறு. அங்கே கடலடித் தட்டு ஒன்று தீவுக்குக் கீழே சொருகிக்கொண்டே போகிறது. இந்தோனேசியாவில் உயிருள்ள எரிமலைகள் 120க்கு மேல். 1883இல் அவற்றில் ஒன்றான கிரகட்டோவா வெடித்துக் கிளப்பிய அலை இலங்கைக் கரைவரை வந்தது.

புறோமோவின் உயரம் 2,329 மீற்றர். மணல்வெளியை ஜீப்பில் கடந்து, பிறகு நடந்து படிக்கட்டு ஏறினால் மலையின் வாய். அந்த விளிம்பில் பிள்ளையார் இருக்கிறார். அங்கே வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். கசாடா திருவிழாவன்று காய்கறி, கோழி, ஆடு என்று கொண்டுவந்து மலைவாய்க்குள் போடுவார்கள். உள்சரிவில் வலையோடு நின்று அவற்றைப் பிடிப்பவர்களும் உண்டு. கோணேசர் கோவிலடியில் செங்குத்துப் பாறையில் நின்று கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, விளிம்பில் ஏன் சாமியை வைத்தார்கள் என்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் படிந்திருக்கும் சாம்பலைத் தொட்டுப் பார். திருநீறு மாதிரி மெத்தென்று இராது, நறநறக்கும். எரிமலைச் சாம்பல் என்பது நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும். கண்ணில் விழுந்தால் கசக்காதே, தண்ணீர் விட்டுக் கழுவு. கொன்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம்.

ஈஜெனுக்கு இரவில்தான் ஏற வேண்டும். கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றி நீலமாக எரிவது இருட்டில் மட்டுமே தெரியும். விடிந்ததும் நீலப்பச்சையாக ஓர் ஏரி தெரியும். அது முழுக்கக் கடும் அமிலம், கிட்டப் போகாதே. பாதையில் 70 கிலோவுக்கு மேல் கந்தகக் கட்டிகளை இரண்டு கூடைகளில் நிரப்பி, மூங்கில் காவடியில் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஏறி வருவார்கள். மலைப்பக்கமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிடு. படம் எடுப்பதற்காக அவர்களை நிற்பாட்டாதே. பாரத்தோடு நிற்பது எவ்வளவு கொடுமை என்று அந்தத் தோள்களில் தடித்துப்போயிருக்கும் தழும்பைப் பார்த்தாலே விளங்கும். அமில வாயுவுக்கான வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். வைரஸ் காலத்துத் துணி மாஸ்க் அங்கே ஒன்றுக்கும் உதவாது. மலைவாய்க்குள் இறங்கி நிற்கும்போது காற்றுத் திரும்பிப் புகை உன் பக்கம் வந்தால், அந்த நிமிடமே மேலே ஏறு.

இனித்தான் முக்கியமான கதை. எரிமலை என்றால் நாங்கள் ஓடிவரும் நெருப்புக் குழம்பை நினைக்கிறோம். பார்க்கப் போகிறவர்களைக் கொன்றது பெரும்பாலும் அதுவல்ல. உள்ளே தேங்கிய தண்ணீர் சூடேறித் திடீரென்று ஆவியாகும். ஆவி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். அந்த வேகத்தில் பாறையும் சாம்பலும் பிய்த்துக்கொண்டு வரும். இதற்கு முன்னறிவித்தல் அநேகமாக இராது. ஜப்பானின் ஒன்டாக்கே மலையில் 2014 செப்டெம்பர் 27, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன் இதுதான் நடந்தது. இலையுதிர்கால நிறம் பார்க்க ஏறியவர்கள் உச்சியில் நின்ற நேரம். 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற் போனார்கள். அன்று எச்சரிக்கை நிலை மிகக் கீழே, 1இல் இருந்தது. நியூசிலாந்தின் வக்காரி தீவில் 2019 டிசெம்பர் 9ஆம் திகதி 47 பேர் நின்றார்கள், 22 பேர் போய்விட்டார்கள். அங்கே மூன்று கிழமைக்கு முன்பே நிலையை 2க்கு உயர்த்தியிருந்தார்கள். சுற்றுலா நிற்கவில்லை. 2023 டிசெம்பரில் சுமாத்திராவின் மராப்பி, மலையேறிகள் 24 பேரைக் கொண்டுபோனது. வாயிலிருந்து 3 கிலோமீற்றருக்குள் போக வேண்டாம் என்ற அறிவித்தல் அப்போதே இருந்தது.

இந்தோனேசியாவில் நிலைகள் நான்கு. எந்த மலை எந்த நிலை, எத்தனை கிலோமீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று 'மக்மா இந்தோனேசியா' தளத்தில் அரசாங்கம் போடும். ஏறுவதற்கு முதல்நாள் இரவும் பார், வெளிக்கிடும் முன்பும் பார். ஜீப்காரத் தம்பியிடம் மட்டும் கேட்டு முடிவெடுக்காதே. நீ ஏறினால்தான் அவனுக்கு அன்றைய உழைப்பு, அவன் போகலாம் என்றுதான் சொல்லுவான். கட்டின காசும் அதையேதான் சொல்லும். அதனால் பயணத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவை. புறோமோ வாய்க்குப் போக விடாமல் மறித்திருந்தால், தள்ளி நின்று பார்க்கிற பெனாஞ்சக்கான் முனைக்குப் போ. விடியற்காலையில் முன்னால் புறோமோ, பின்னால் 3,676 மீற்றர் செமேரு புகைவிட்டுக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் விளிம்பில் நிற்பதைவிட அந்தக் காட்சிதான் பெரிது.

விளிம்புக்குப் போனாலும் நெடுநேரம் நிற்காதே. தலைக்கவசம் போடு. இறங்கும் வழியை முதலில் பார்த்து வை. பள்ளங்களில் உட்காராதே, கனத்த வாயு அங்கேதான் தேங்கும். கல் பறந்தால் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு பெரிய பாறை மறைவுக்கு ஓடு.

தடிப்பான குளிராடையும் எடு, திருகோணமலை வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்த விடியற்குளிர் சரிவராது. அக்காவோடு நான் கதைக்கிறேன். நீ ஒவ்வொரு மலையும் இறங்கினவுடன் எனக்கு முதல் அவவுக்கு மெசேஜ் போடு.

அன்புடன்,
சின்னம்மா