சந்தேகம் கேட்க எங்களுக்கு ஓர் ஆள் வேண்டும்

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்து, உங்கள் நிதியில் ஆய்வுக்கூடம் நடத்துகிறவன் நான். ஆய்வு முடிவுகள் தவறான வெளிநாட்டுக் கைகளுக்குப் போய்விடாமல் காக்கச் சொல்லித்தரும் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

2022-இல் வந்த ‘சிப்ஸ் அண்ட் சயின்ஸ்’ என்ற அமெரிக்கச் சட்டத்தின்படி, விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் முக்கிய ஆய்வாளர்கள் இந்தப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சரி, முடித்துவிட்டேன். 2024 ஜனவரியில் நான்கு பாடங்களாக வந்ததை அப்புறம் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியதும் நல்லதுதான்.

சான்றிதழை அச்செடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் கூடத்தில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்யும் மதுரைப் பக்கத்துத் தம்பி வந்து நின்றார். கையில் நான்காக மடித்த ஒரு கடிதம். தான் படித்த கல்லூரியிலிருந்து வந்தது. வாரம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் பாடம் எடுக்க வேண்டும், பதவி கௌரவப் பேராசிரியர், சம்பளம் ஒரு பைசா கிடையாது. “ஒத்துக்கிட்டா பிரச்சினை வருமா சார்?” என்றார்.

நாளைக்குத் தன் பெயரில் விண்ணப்பம் போடும்போது, சம்பளமில்லாத பதவியானாலும் சுயவிவரத்தில் எழுதிவிட வேண்டும், எழுதினால் தப்பில்லை என்று சொன்னேன். சட்டம் தடுப்பது சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா சார்ந்த தீய நோக்கமுள்ள ஆள்சேர்ப்புத் திட்டங்களை, அதாவது ஆய்வாளர்களை இழுத்து இங்குள்ள ஆய்வை முறைகேடாகக் கொண்டுபோகப் பார்க்கும் திட்டங்களை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை என்றும் விளக்கினேன். தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து, “எதுக்கு சார் வம்பு” என்று கல்லூரிக்கு மறுத்து எழுதிவிட்டார்.

அவர் முக்கிய ஆய்வாளர் பட்டியலில் இல்லை, அதனால் பயிற்சி அவருக்குக் கட்டாயமில்லை. பயம் மட்டும் அவர்வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் சும்மா அரளவில்லை. சீனாவுக்கு ரகசியம் போவதைத் தடுக்கவென்று அமெரிக்க நீதித்துறை 2018-இல் தொடங்கிய ‘சைனா இனிஷியேட்டிவ்’ காலத்தில் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்மிங் ஹூ, சீனத் தொடர்பை நாசாவிடம் மறைத்தார் என்று கைதாகி, வீட்டுக்காவலில் இருந்து, வேலையும் இழந்தார். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. எம்ஐடி பேராசிரியர் காங் சென்னும் அதே மாதிரி 2021 ஜனவரியில் கைதானார். ஓராண்டு கழித்து அரசே வழக்கைக் கைவிட்டது. ஓராண்டு! சோதனைக்கூடத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு வழக்குகளையும் பாடத்திலேயே மனம்விட்டுப் பேசுங்கள். இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்து யாரையும் குறிவைக்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருப்பதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். எல்லாவற்றையும்விட, இப்படிச் சின்னச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு உங்கள் பக்கம் ஓர் ஆளை வையுங்கள். பத்து நாளுக்குள் எழுத்தில் பதில் வரட்டும். அந்தப் பதிலை நம்பி நடந்தவர்மேல் பிறகு பழி வரக் கூடாது.

அந்தக் கல்லூரியில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். நீங்கள் இதைச் செய்தால், மறுபடி ஒருமுறை கல்லூரிக்கு எழுதிப் பார்க்கும்படி தம்பியிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நிதியில் ஆய்வு செய்யும் ஒரு பேராசிரியர்