இடுப்பில் கட்டிய பை

சேலம்,
பொங்கல் கழிந்த மறுவாரம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. அம்மா முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது.

வேலையை விடப்போகிறாயாமே என்று கேட்டிருந்தாய். பாதி உண்மை. மீதி உனக்கு எழுதினால்தான் எனக்கே தெளியும்.

கல்லூரியில் கட்டுரையும் கதையும் எழுதக் கற்பிக்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பில் அறுபது பேர். ஒற்றுப் பிழைகளை வட்டமிட்டு, கீழே 'நன்று' என்று எழுதித் தாளைத் திருப்பித் தருகிறேன். அதனால் பிள்ளைக்கு எழுத்து வந்ததா என்ற கேள்வி சில மாதங்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

கார்த்திகையில் நடந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டிலிருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற மாணவி ஒருத்தி. 'என் அம்மா' என்ற கட்டுரையைத் 'தியாகத்தின் திருவுருவம்' என்று தொடங்கியிருந்தாள். அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். மாலை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"பறித்த பழத்தை எதில் போடுவார்?"

"இடுப்பில் கட்டிய சாக்குப் பையில்."

"பை நிறைந்தால்?"

"முன்னால் இழுக்கும். அதனால் பின்னால் சாய்ந்து நடப்பார். வீட்டுக்கு வந்து பையைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் நடப்பார்."

சொன்னவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பிறகு என் பேனாவை வாங்கிக் கையிலேயே அதைக் குறித்துக்கொண்டாள். மறுநாள் கொண்டுவந்த தாளில் அந்த நடை இருந்தது. செம்பழத்தோடு பச்சைக் காய் கலந்துவிட்டால் மேஸ்திரி போடும் சத்தமும் இருந்தது. ஆசிரியர் அறையில் மூன்று முறை படித்தேன், கண் கலங்கிவிட்டது.

நான் கேட்டது இரண்டே கேள்வி. அவரவரிடம் இருப்பதைக் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவருவதை இப்போது கோச்சிங் என்கிறார்கள். தான் நடந்த பாதையைச் சொல்லிக் கூடவே வருவது மென்டரிங். எழுத்துக்கு இரண்டும் வேண்டும், இரண்டையும் எதிரே உட்கார்ந்துதான் செய்ய முடியும். அறுபது பேர் வகுப்பில் வழியே இல்லை.

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றும் அழைத்தது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், 100க்கு 40 எடுத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம் எல்லாம் கேட்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை, அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. சம்பளமும் இப்போது வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு. ஆனால் அவர்கள் கேட்டது, மனப்பாடம் செய்ய முப்பது மாதிரிக் கட்டுரைகள். எத்தனையோ பிள்ளைகளின் வாயில் என் வாக்கியத்தைத் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

தனியாகக் கற்றுக்கொள்ள இருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள், கட்டணம் தரவும் தயார். என்னை உறுத்துவது ஒன்றுதான்: அந்த மலைப் பெண்ணால் கட்டணம் தர முடியாது. ஏற்காடு சாலையில் போகும்போதெல்லாம் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்க்கிறேன். கருணாநிதியும் கண்ணதாசனும் இளம் வயதில் அங்கே எழுதினார்கள். எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்த ஊரில், காசில்லாத ஒரு பெண்ணுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்காமல் போவதா?

அதனால் இப்படி நினைக்கிறேன். ஜூனிலிருந்து கல்லூரியில் பாதி வகுப்புகள் மட்டும் கேட்பது. கிடைக்காவிட்டால் விலகிவிடுவது. சனிக்கிழமைகளில் ஐந்து பேர், அதற்குமேல் கிடையாது. மூவர் கட்டணம் தருவார்கள், இருவர் தர வேண்டாம். வருமானம் குறையும். வீட்டுக் கடன் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வங்கி வேலையை விட்டுத் தையல் கடை வைத்தவள் நீ. முதல் வருடத்தை எப்படி ஓட்டினாய்? எவ்வளவு கையிருப்பு வைத்திருந்தாய்? ஒளிக்காமல் எழுது.

பங்குனியில் ஒரு மழை பெய்தால் பத்து நாளில் காப்பி பூத்துவிடும். அப்போது வா, மலைக்குப் போகலாம். அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
உன் சேலத்துத் தோழி