மீள்சோதனையில் எங்கள் முடிவுகளையும் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய விமானப் பயிற்றுநர்களுக்கும் தேர்வாளர்களுக்கும்,

வணக்கம். தனியார் விமானி உரிமம் பெற்றுச் சிறிய விமானம் ஓட்டுபவன் நான். தேர்வுக்குப் படித்த நாளில் விமானி, விமானம், சூழல், புற அழுத்தம் (போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்று வெளியிலிருந்து வரும் நெருக்கடி) என்று இடரை நான்காகப் பிரித்துப் பார்க்கும் முறையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஓராண்டு கழித்து ஒரு மாலையில், மேகம் தாழ்ந்துவருவதை வானிலை அறிக்கையில் படித்த பிறகும், வீட்டில் காத்திருப்பவர்களை எண்ணிப் புறப்பட்டுவிட்டு, பாதி வழியில் வேறொரு ஓடுதளத்தில் இறங்க நேர்ந்தது. அன்று புறப்படும் முன் நான் நிரப்பிய இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘புற அழுத்தம்’ என்பதற்கு நேரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

உரிமம் பெற்றவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பயிற்றுநரிடம் பறந்து காட்டும் மீள்சோதனை அடுத்து வந்தது. அதில் சாய்வுத் திருப்பம், ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையிலிருந்து) மீட்பு, குறுக்குக் காற்றில் தரையிறக்கம் எல்லாம் பார்த்துப் பயிற்றுநர் கையெழுத்திட்டார். அந்த மாலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு நிம்மதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தரையிறக்கத்தில் பிழை செய்தால் சக்கரம் குதித்து உடனே சொல்லிவிடும். தவறான முடிவோ பெரும்பாலும் பத்திரமாகத் தரையிறங்கிவிடுகிறது, அதனால் சரியான முடிவாகவே நினைவில் தங்கி, அடுத்த முறை இன்னும் சற்றுத் துணியச் சொல்கிறது. போயிங் 747 சிமுலேட்டரில் 16 விமான நிறுவன விமானிகளைக் கொண்டு நடத்தி, 2014-இல் வெளியான நாசா ஆய்விலும், விமானத்தைக் கையால் ஓட்டும் திறன் ஓரளவு நிலைத்திருந்தது. இருக்கும் இடத்தை மனத்தில் வைத்திருப்பது, அடுத்த படியைத் தீர்மானிப்பது, கருவிக் கோளாறை உணர்வது ஆகியவற்றில்தான் அதிகம் தடுமாறினார்கள்.

அமெரிக்காவில் 2016 முதல் உரிமத் தேர்வுத் தரநிலைகளில் இடர் மேலாண்மை தனிக் கூறாகவே இடம்பெற்றுள்ளது. நல்ல மாற்றம்தான், ஆனால் அது தேர்வு நாளோடு நின்றுவிடுகிறது. அங்கே 24 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும் மீள்சோதனைக்குக் குறைந்தது 1 மணி நேரத் தரைப்பாடமும் 1 மணி நேரப் பறத்தலும் போதும். அந்தத் தரைப்பாட நேரத்தை விதிகளை ஒப்பிப்பதில் கழிக்காமல், பறத்தல் பதிவேட்டைத் திறந்து, எந்தப் பயணத்தை ரத்து செய்தோம், எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அன்றைய வானிலையையே கையில் கொடுத்து, ‘போவீர்களா?’ என்று கேட்டு, பதிலுக்கான காரணத்தையும் கேளுங்கள். உரிமம் பெற்ற ஆறாம் மாதமே இப்படி ஒரு முறை கேட்டிருந்தால், அந்தப் படிவத்தில் ‘புற அழுத்தம்’ என்பதற்கு நேரே நான் ‘ஆம்’ என்று எழுதியிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஒரு தனியார் விமானி